மீனை ஏய்க்கும் பொய்யீ

தூண்டில் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன ஒரு கோல், ஒரு தங்கூசி நூல், முள்ளிற் குத்திய மண்புழு, நீர்மேல் மிதக்கும் ஒரு தக்கைத் துண்டு ஆகிய இவையே. குளக்கட்டிலும் கடனீரேரிக் கரையிலும் சிறுவர் கையில் நாம் காண்பதும் இதுதான். ஆனால் புழுவும் இன்றி, இறாலும் இன்றி, உண்ணத்தக்க பொருள் எதுவுமே இன்றி, ஒரு சிறு முள்ளின்மீது நூலையும் இறகையும் சுற்றி, அதனைப் பூச்சியென்று மீன் நம்புமாறு செய்து பிடிக்கும் கலையொன்று மேல்நாடுகளிற் பல நூற்றாண்டுகளாக வழங்கிவருகின்றது. அவ்வாறு புனைந்த முள்ளை ஆங்கிலேயர் ஈ என்றே அழைப்பர். உண்மை ஈ அன்றாகையால் நாம் அதனைப் பொய்யீ என்போம்.

இக்கலை மிகப் பழையது. கி.பி. 200 ஆம் ஆண்டளவில் உரோமப் பேரரசில் வாழ்ந்த ஏலியன் என்னும் நூலாசிரியர், மசிடோனிய நாட்டு மக்கள் முள்ளின்மேற் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழுள்ள இறகுகள் இரண்டை அதனுடன் பொருத்தி ஆற்றுமீன் பிடித்ததை எழுதிவைத்துள்ளார். 1496 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சேறிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் பொய்யீக்களைச் செய்யும் முறையைக் கூறுகின்றது. அதனை இயற்றியவர் யூலியானா பேர்ணேர்ஸ் என்னும் கன்னியர்மடத் தலைவி என்பது செவிவழி மரபு. பின்னர் இக்கலை பிரபுக்களின் பொழுதுபோக்காயிற்று. சல்மன், ட்ரவுட் என்னும் உயர்குல மீன்களுக்கென அது வளர்ந்தது. நமது நாட்டிலும், 1880களில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ஆங்கிலேயர் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டது பெரும்பாலும் இவ்விளையாட்டின் பொருட்டே.

நாம் இங்கே பேசப்போவது பிரபுக்களின் மீனைப் பற்றியன்று. அமெரிக்காவில் ஏழை உழவன் மகனும் பட்டணத்துப் பள்ளிச் சிறுமியும் முதன்முதலிற் பிடிக்கும் மீன் ஒன்றுண்டு. அதன் பெயர் புளூகில். நீலச் செவுள் என்பது அதன் பொருள். உள்ளங்கையளவே உள்ள இம்மீனுக்காகப் பொய்யீ கட்டுவோர் அந்நாட்டிற் பல்லாயிரவர்.

நீலச் செவுளும் அதன் சுற்றமும்

இம்மீன் சூரியமீன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. கடலில் வாழும் மாபெரும் சூரியமீன் வேறு. அதனோடு இதனை மயங்கலாகாது. இக்குடும்பத்து நன்னீர் மீன்கள் வட அமெரிக்காவுக்கே உரியவை. தட்டையான வட்டவடிவ உடலும், முள்ளுள்ள முதுகுத் துடுப்பும் உடையவை. நீலச் செவுள் மீனின் பூமூடியின் ஓரத்திற் கரியதொரு மடல் உண்டு. தாடையின் கீழ்ப் பகுதியில் நீலம் படர்ந்திருக்கும். பூமூடி என்பது செவுளை மூடும் எலும்புத் தட்டுக்கு நமது விலங்கியற் பாடநூல்கள் வழங்கும் பெயர் என்பதை மாணவர் அறிவர். 1819 ஆம் ஆண்டில் இம்மீனை முதன்முதலாக விவரித்த ரஃபினெஸ்க் என்னும் அறிஞர் இதற்கு இட்ட இனப்பெயர் 'பெருங்கையன்' எனப் பொருள்படும். நீண்ட மார்புத் துடுப்பைக் கண்டே அப்பெயரை இட்டார் போலும்.

அதன் சுற்றத்தாரும் அழகர்களே. பூசணிவிதை மீனின் செவுள் மடலிற் செம்பொட்டு உண்டு. செஞ்செவி மீனோ தொண்டையிலுள்ள பற்களால் நத்தைகளை நொறுக்கித் தின்னும். அதனால் ஓடுடைப்பான் என்றும் அதற்குப் பெயர். பச்சைச் சூரியமீனுக்கு வாய் சற்றே பெரிது. இவை யாவும் ஒரே குளத்தில் வாழ்வதும், தம்முட் கலந்து கலப்பினங்களை ஈனுவதும் உண்டு. பொதுவாக இவற்றின் நிறை அரை றாத்தலைத் தாண்டுவது அருமை. 1950 ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்துக் கெட்டோனா ஏரியிற் பிடிபட்ட நீலச் செவுள் மீன் ஒன்று 4 றாத்தல் 12 அவுன்ஸ் நிறுத்தது. அதற்கு ஈடான இன்னொன்று இன்றுவரை பதிவாகவில்லை.

சிறிய வாய், அதுவே முதல் விதி

எந்தப் பொய்யீயைத் தெரிவது என்று கேட்டால், நிறத்தைப் பற்றியே பலரும் முதலிற் பேசுவர். மஞ்சளே சிறந்தது என்பார் ஒருவர். கருமையை விட்டால் வேறில்லை என்பார் மற்றொருவர். என் கருத்தில் இவ்வழக்குப் பெரும்பாலும் வீண் வழக்கு. மீனின் வாயைப் பார்த்தாற் போதும், விடை கிடைத்துவிடும். நீலச் செவுள் மீனின் வாய் மிகச் சிறியது. அது கடித்துப் பற்றுவதில்லை. இரைக்கு ஓரிரு அங்குலம் அருகில் வந்து நின்று, வாயைச் சடுதியிற் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்கின்றது. உறிஞ்சியது உணவன்று எனக் கண்டாற் கண்ணிமைக்கும் நேரத்தில் உமிழ்ந்துவிடும். ஆகவே பொய்யீ சிறியதாக இருத்தல் வேண்டும். மெத்தென்றும் இருத்தல் வேண்டும்.

முள்ளின் அளவை இலக்கத்தாற் குறிப்பர். இலக்கம் பெருகப் பெருக முள் சிறிதாகும். இம்மீனுக்கு 8 முதல் 12 வரையுள்ள முட்கள் ஏற்றவை. நடுவிலுள்ள 10 ஆம் இலக்கமே பெரும்பாலோர் கைக்கொள்வது. முள்ளின் வளைவுக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளியை அடைத்துவிடாமற் பார்த்துக்கொள்வது இங்கே தலையாய கவனம். பருத்த உடல் ஒன்றைக் கட்டி அந்த இடைவெளியை மூடிவிட்டால், மீன் நூறு முறை உறிஞ்சினாலும் முள் அதன் உதட்டிற் பதியாது. கால்களாக வைக்கும் இறப்பர் இழைகளும் மிக நீண்டுவிட்டால் மீன் காலின் நுனியை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். கத்தரிக்கோல் கையிலிருந்தால் இக்குறையைக் குளக்கரையிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அது நீரில் இருக்கும் நிலை. சில பொய்யீக்கள் மிதப்பன. சில மெல்ல அமிழ்வன. மிதப்பவற்றுட் புகழ்பெற்றது தக்கையாற் செய்து வண்ணம் தீட்டிய 'பொப்பர்' என்பது. முகப்பைக் குழிவாகக் குடைந்திருப்பதால், நூலைச் சுண்டியிழுக்கும்போது நீரில் 'பொளக்' என்றோர் ஒலி எழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெனசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் வாழ்ந்த ஏர்னஸ்ட் பெக்கின்போ என்பாரே இத்தக்கைப் பூச்சியை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்வர். அமிழ்பவற்றில் மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரிந்த தேனீ வடிவமான மக்கின்ரி என்பதும், கம்பளிப்புழு என்பதும் பெயர்பெற்றவை. கம்பளிப்புழுவின் உடலுக்குச் சுற்றும் மென்மயிர் நூலின் பெயர் 'செனில்'. அப்பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளும் கம்பளிப்பூச்சியே! அதன்மேல் ஒரு சேவலின் கழுத்து இறகைச் சுருள் சுருளாகச் சுற்றிவிட்டால், நீரில் ஒவ்வொரு மயிரும் உயிருள்ளதுபோல அசையும்.

மெல்ல அமிழ்வதே இம்மீனுக்கு உகந்தது. விரைந்து மூழ்கும் பொருளை அது துரத்திச் செல்வதில்லை. அந்தரத்தில் நின்று, உற்றுநோக்கி, ஐயம் தெளிந்த பின்னரே வாயைத் திறக்கும் இயல்பினது அது. அந்த ஐயம் தீருமட்டும் காத்திருக்கக்கூடிய பூச்சியே அதற்கு வேண்டும்.

ஒரு வண்டு உருவாகின்றது

இனி, ஒரு பொய்யீயை எவ்வாறு கட்டுவர் என்று பார்ப்போம். எளிதான வண்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வேண்டிய பொருள்கள்: 10 ஆம் இலக்க முள் ஒன்று, மெல்லிய கறுப்பு நூல், எட்டிலொரு அங்குல அகலத்தில் வெட்டிய கறுப்பு நுரைத்தாள் கீற்று, மயிற்பீலியின் இழைகள் மூன்று நான்கு, இறப்பர் இழைத் துண்டுகள் இரண்டு, ஒரு துளி வார்னிஷ்.

முள்ளை மேசையிற் பொருத்திய சிறிய இடுக்கியின் வாயில் இறுக்கிக்கொள்வர். முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னே நூலைக் கட்டி, தண்டின் வழியே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வளைவு தொடங்கும் இடம் வரை செல்வர். இந்த நூற்படுக்கை இல்லாவிட்டால் மேலே கட்டுவன யாவும் வழுக்கிச் சுழலும். அவ்விடத்தில் நுரைக் கீற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனை பின்னோக்கித் தொங்குமாறு விடுவர். அதே இடத்திற் பீலியிழைகளையும் கட்டி, அவற்றை நூலோடு முறுக்கித் தண்டின்மேல் முன்னோக்கிச் சுற்றிவருவர். இது வண்டின் வயிறு. பின்னர்த் தொங்கிய நுரைக் கீற்றை முதுகின்மேல் மடித்துக் கொணர்ந்து, காதுக்குச் சிறிது பின்னே இறுக்கிக் கட்டுவர். இப்போது முதுகு கூன்விழுந்து வண்டின் ஓடுபோலத் தோன்றும். கட்டின் இரு பக்கமும் இறப்பர் இழை ஒவ்வொன்றை வைத்து அதன் நடுவிற் சுற்றினால், அவை முன்னும் பின்னும் விரிந்து பக்கத்துக்கு இரண்டாக நான்கு கால்களாகும். மிஞ்சிய நுரையைச் சிறு தலையளவு விட்டு வெட்டி, நூலை முடிச்சிட்டு, முடிச்சின்மேல் வார்னிஷ் ஒரு துளி விட்டால் வண்டு முடிந்தது. பழகிய கைக்கு ஐந்து நிமிட வேலை.

புதியோர் பலரும் செய்வது, காதுவரை அனைத்தையும் நெருக்கிக் கட்டிவிடுவதே. பின்பு நூலைக் கோக்க வழியில்லாமற் போகும். முள்ளின் தலைப்பக்கத்திற் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும் என்பதைக் கற்பிப்போர் ஓயாமற் சொல்கின்றனர்.

வண்டுக்கு ஆறு காலன்றோ, இதற்கு நான்குதானே என்று மாணவர் எவரேனும் கேட்கலாம். மீன் எண்ணிப் பார்ப்பதில்லை. பொய்யீ கட்டுவோர் இரு கட்சியினர்: பூச்சியை அச்சாகப் படியெடுப்போர் ஒரு கட்சி, பூச்சியின் நிழலுருவத்தையும் அசைவையும் மட்டும் குறிப்பாற் காட்டுவோர் மறு கட்சி. நீலச் செவுள் மீனைப் பொறுத்தமட்டில் இரண்டாவது கட்சியே வென்றுவிட்டது.

மயிற்பீலியைக் கண்டு நம் வாசகர் வியக்கலாம். கதிர்காமத்துக் காவடியில் நாம் காணும் அதே பீலிதான். அதன் இழையிலுள்ள பசும்பொன் மினுக்கம் வண்டின் வயிற்றுக்கு அத்துணைப் பொருத்தமாயிருப்பதால், உலகெங்கும் பொய்யீ கட்டுவோர் அதனை நாடுகின்றனர். தென்னிந்திய மலைக்காடுகளிலுள்ள சாம்பற் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகும் அவ்வாறே. மெழுகுத்துளி போன்ற பொட்டுகளையுடைய அவ்விறகைச் சல்மன் பொய்யீக்காரர் பொன்னாக மதித்தனர். அதனால் அப்பறவைக்கு நேர்ந்த அழிவைக் கண்டு இந்திய அரசு அதன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. இவ்வாசை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று: 2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் திரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் 299 பறவைத் தோல்கள் களவாடப்பட்டன. களவாடியவர் சல்மன் பொய்யீ கட்டுவதில் வெறிகொண்ட ஓர் இசை மாணவர். நீலச் செவுள் மீனோ அரிய பறவை எதனையும் கேட்பதில்லை. பழைய இறப்பர்ப் பட்டியும் கறிக்கடைச் சேவலின் இறகும் அதற்குப் போதும்.

மீன் போடும் கணக்கு

தெரிவு என்பது மனிதனுக்கு மட்டும் உரியதன்று, மீனும் தெரிகின்றது. மிச்சிகன் மாநிலத்தில் ஏர்ல் வேர்ணர், டொனால்ட் ஹோல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உயிரியல் மாணவர் அறியத்தக்கது. அவர்கள் நீலச் செவுள் மீன்களைத் தொட்டியில் விட்டு, சிறிதும் நடுத்தரமும் பெரிதுமான நீர்த்தெள்ளுகளை அவற்றுக்கு உணவாக அளித்தனர். இரை அருகியிருந்தபோது மீன் எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் உண்டது. இரை மலிந்தபோதோ சிறியவற்றை விட்டுவிட்டுப் பெரியவற்றையே தேடிப் பிடித்தது. ஓர் இரையைத் தேடிப் பிடிக்கச் செலவாகும் நேரத்துக்கு எவ்வளவு வரவு என்று கணக்கிட்டாற் கிடைக்கும் விடையும், மீன் நடந்துகொண்ட விதமும் பெரிதும் ஒத்திருந்தன. எண்கணிதம் அறியாத சிறுமீன் வணிகனைப் போல வரவுசெலவு பார்க்கின்றது!

தூண்டிற்காரருக்கு இதிற் பயன் உண்டு. கோடையின் நடுவில், குளத்தில் உணவு நிறைந்திருக்கும் காலத்தில், மீன் ஏன் இவ்வளவு தெரிந்தெடுத்து உண்கிறது என்பதற்கு விடை இதிற் கிடைக்கின்றது. அப்போது பொய்யீயின் பருமனை மாற்றிப் பார்ப்பதே தக்கது. நிறத்தை மாற்றுவது அதற்குப் பின்.

எறியும் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். பொய்யீக்கு நிறையில்லை, ஆதலால் தடித்த நூலின் நிறையே அதனைச் சுமந்து செல்லும். நூலின் நுனியில் ஏழடி அளவில் மெல்லிய தங்கூசி இணைக்கப்பட்டிருக்கும். வண்டு நீரில் வீழ்ந்ததும் வட்ட அலைகள் பரவும். அவ்வலைகள் முற்றாக அடங்கும்வரை அசைக்காமல் இருக்க வேண்டும். பின்பு சிறிதே ஓர் அசைவு; மீண்டும் அமைதி. பொறுமையில்லாச் சிறுவர் இங்கேதான் தோற்பர்.

சிக்காகோவிலிருந்து யப்பானுக்கு

இம்மீனின் வரலாற்றில் ஓர் அரச கதையும் உண்டு. 1960 ஆம் ஆண்டில் யப்பானிய முடிக்குரிய இளவரசர் அக்கிஹித்தோ அமெரிக்காவுக்குச் சென்றபோது, சிக்காகோ நகர முதல்வர் இம்மீன்கள் சிலவற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். இளவரசர் தாமே மீனியல் அறிஞர். நாட்டு மக்களுக்கு நல்ல உணவாகும் என்ற எண்ணத்துடன் அவற்றை மீன்வள ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். மீன்கள் வளர்ப்பு நிலையங்களைக் கடந்து ஏரிகளிற் பரவின. பிவா போன்ற தொன்மையான ஏரிகளில் உள்நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டு பெருகின. யப்பானிய நீர்நிலைகளிலுள்ள நீலச் செவுள் மீன்கள் அனைத்தும் அந்தப் பரிசு மீன்களின் வழித்தோன்றல்களே என்று பிற்காலத்து மரபணு ஆய்வுகள் காட்டின. 2007 ஆம் ஆண்டில், அப்போது பேரரசராயிருந்த அவர், இவ்வாறு நேர்ந்ததற்காக மனம் நோவதாக வெளிப்படையாகக் கூறினார்.

1950களின் தொடக்கத்தில் நமது குளங்களுக்கு வந்துசேர்ந்த திலாப்பியாவை நினைத்தால் இக்கதை அந்நியமாகத் தோன்றாது. திலாப்பியா மலிவான உணவாக நிலைபெற்றது. நீலச் செவுள் மீன் யப்பானியர் உணவில் அவ்வாறு இடம்பெறவில்லை.

கூடு காக்கும் தந்தை

இவ்விரு மீன்களுக்கும் ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் உண்டு. இரண்டிலும் ஆண்மீனே குளத்தின் அடியில் தட்டுப்போன்ற குழி பறிக்கின்றது. ஆனால் நமது குளத்துத் திலாப்பியாவிற் தாய் முட்டைகளை வாயிற் சுமந்துகொண்டு போய்விடும். நீலச் செவுள் மீனிலோ தாய் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிட, தந்தையே காவல் நிற்கும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 70 பாகை பரனைற்றை எட்டும்போது, ஆழமற்ற கரையோரத்திற் கூடுகள் நூற்றுக்கணக்கில் அடுத்தடுத்துத் தோன்றும். மேலிருந்து பார்த்தால் தேன்கூட்டின் அறைகளைப் போலிருக்கும். தந்தை வாலால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் ஊட்டும். இரண்டு மூன்று நாளில் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் நீந்திச் செல்லும்வரை இன்னும் சில நாள் காவல். அதுவரை அது இரை தேடிச் செல்வதில்லை.

இக்காலத்திற் பொய்யீயின் தெரிவுக்குப் பொருளே இல்லை. கூட்டின்மேல் எது விழுந்தாலும் தந்தை பாய்ந்து கவ்வும். பசியினால் அன்று, பகையினால். ஆகவே ஒரே காலைப்பொழுதில் வாளி நிறையப் பெரிய மீன்களைப் பிடித்துவிடலாம். பலகாலம் அப்படித்தான் பிடித்தனர். இவ்வளவு பெருகும் மீன் குறைந்தா போகும் என்பது அவர்களின் வாதம்.

எண்ணிக்கை குறையவில்லை என்பது மெய்யே. குறைந்தது உருவம். காரணத்தை அறிய இம்மீனின் இல்லறத்தைச் சற்று ஆராய வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஒபினிக்கன் ஏரியில் நடந்த ஆய்வுகளின்படி, அங்கே கூடுகட்டும் ஆண் முதிர்ச்சியடைய ஏறத்தாழ ஏழு ஆண்டு செல்லும். ஆனால் ஆண்களிற் சில இரண்டாம் ஆண்டிலேயே முதிர்ந்து, கூடு கட்டாமல், பிறன் கூட்டிற் கள்ளத்தனமாக நுழைந்து முட்டைகளைக் கருவுறச் செய்துவிட்டு ஓடிவிடும். இன்னும் சில, பெண்மீன் போல வேடம் பூண்டு நுழையும். பெரிய ஆண்கள் ஏரியில் நிறைந்திருக்கும்வரை, இளைய ஆண்கள் பொறுத்திருந்து உடல் வளர்க்கின்றன. சிறிய உடலோடு போட்டியிட்டு இடம்பிடிக்க இயலாதன்றோ! பெரியவற்றை மனிதன் வாரிக்கொண்டு போனபின், அவை காத்திருப்பதில்லை. சிறிய உருவிலேயே முதிர்ந்து கூடு கட்டிவிடுகின்றன. உடல் வளர்க்க வேண்டிய சத்தை இனப்பெருக்கத்திற் செலவிடுவதால் அதன்பின் வளர்ச்சி தேய்கின்றது. இலினோய் மாநிலத்து ஆய்வாளர்கள் 1990களில் இதனைச் சோதித்துக் காட்டினர். இதனாலேயே பல ஏரிகளில் விரலளவு மீன்கள் மட்டுமே மிஞ்சின.

மினசோற்றா மாநில அரசு 2020 ஆம் ஆண்டு முதல் தெரிந்தெடுத்த ஏரிகளில், ஒருவர் நாளொன்றுக்கு வைத்துக்கொள்ளத்தக்க சூரியமீன்களை ஐந்தாகவும் பத்தாகவும் குறைத்து வருகின்றது. சட்டத்துக்கு முன்னரே தாமாக இம்முறையைக் கைக்கொண்ட தூண்டிற்காரரும் உளர். பொரிப்பதற்கு நடுத்தர மீன்களை எடுத்துக்கொண்டு, செம்மார்பும் கருமேனியுமாய் நிற்கும் பெரிய காவலனை விட்டுவிடுவர். பிடித்து விடுவதும் துன்புறுத்துவதே என்று புலால் மறுத்த நம் வாசகர் சிலர் சொல்லக்கூடும். அவ்வாறு நினைப்பவன் நானும். ஆயினும் உண்பவர் எதை உண்பது, எதை விடுவது என்று எண்ணத் தொடங்கியதைக் குறைவாக மதிக்க எனக்கு மனமில்லை.

விடுவதிலும் விரைவு வேண்டும். காவலன் அகன்ற கூட்டுக்குள் அயலிலுள்ள மீன்கள் நுழைந்து முட்டைகளை உண்ணத் தொடங்குவதற்குச் சில நிமிடமே போதும். அவற்றுட் சிறிய நீலச் செவுள் மீன்களும் அடங்கும். அதனாற் பொய்யீ கட்டுவோர் பலர், நூலைச் சுற்றத் தொடங்குமுன்பே முள்ளின் நுனியருகிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கி விடுகின்றனர். மீன் அகப்பட்டதும் கையை நனைத்துக்கொண்டு, அதனை நீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றுகின்றனர். கை விட்டதும் மீன் ஒரு நொடி அசையாது நிற்கும். பின்பு நேராகத் தன் குழியை நோக்கிச் செல்லும்.